நண்பகல் வெயிலில் ஒரு சிற்றொளி

உச்சி வெயிலில் குடும்பத்தாரை நிறுத்திப் படமெடுத்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போகும். கண்கள் கருநிழலில் மறைந்துவிடும். கதிரவனை அவர்கள் முதுகுப்புறம் வைத்தாலோ, பின்னணி தெளிவாக விழ, முகங்கள் இருளடைந்துவிடும். இக்குறையைப் போக்கவே தேர்ந்த படப்பிடிப்பாளர்கள் பட்டப்பகலிலும் பிளாஷ் விளக்கை ஏற்றுகின்றனர். நிழலை நிரப்பும் இவ்வொளியை, பழைய பிலிம் காமிரா வைத்திருப்போர் எவ்வாறு கையாளலாம்?

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். பிளாஷ் ஒளி ஏறத்தாழ 1/1000 விநாடியில், சில வேளை அதனினும் விரைவில், தோன்றி மறைகிறது. ஆகவே ஷட்டரின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அதன் அளவு பெரிதும் மாறுவதில்லை. லென்ஸின் துவாரமே அதனைக் கட்டுப்படுத்தும். வெயிலையோ துவாரம், ஷட்டர் ஆகிய இரண்டும் கட்டுப்படுத்தும். எனவே ஷட்டரை விரைவாக்கினால் வெயில் மட்டும் குறையும், பிளாஷ் குறையாது. சிறிய விளக்கும் கதிரவனுக்கு ஈடுகொடுக்கும் வழி இதுவே.

ஆனால் 35 மில்லிமீட்டர் காமிராக்கள் பலவற்றில் இதற்கொரு தடை உண்டு. அவற்றில் பிலிமுக்கு முன்னே இரு திரைகள் ஓடுகின்றன. வேகம் மிகும்போது முதல் திரை ஓடி முடியுமுன்னரே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். இடையிலுள்ள கீற்று மட்டுமே திறந்திருக்கும். அந்நேரம் பிளாஷ் மின்னினால் படத்தின் ஒரு பகுதியில் மட்டுமே அதன் ஒளி படும். 1959-இல் வெளிவந்த நிக்கான் எப் காமிராவில் பிளாஷுக்குரிய உச்ச வேகம் 1/60 விநாடி. 1982-இல் வந்த நிக்கான் எப்எம்2-இல் 1/200.

லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகளாலான ஷட்டரைக் கொண்ட காமிராக்களுக்கு இத்தடை இல்லை. எவ்வேகத்திலும் அவை ஒரு கணம் முழுமையாகத் திறக்கின்றன. 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி, 1970-இல் வந்த யாஷிகா மாட் 124ஜி ஆகியவற்றில் 1/500 விநாடியிலும் பிளாஷைப் பயன்படுத்தலாம்.

இதனால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிலிமின் வேகம் 100. பிளாஷின் வழிகாட்டி எண், மீட்டர் கணக்கில், 20 என்க. முழு வெயிலில் 1/60 விநாடிக்கு எப் 22 துவாரம் வேண்டும். வெயிலின் அளவில் பாதியாக நிரப்பொளி விழவேண்டுமாயின், விளக்கு ஏறத்தாழ 1.25 மீட்டர் தொலைவுக்குள் இருக்கவேண்டும். அத்தொலைவில் ஒரு குடும்பம் எவ்வாறு படத்தில் அடங்கும்? மேலும், லென்ஸ்கள் பலவற்றில் எப் 22 என்ற அளவே கிடையாது. 1/500 விநாடியிலோ எப் 8 போதும். அதே விளக்கு 3.5 மீட்டர் வரை அப்பணியைச் செய்யும்.

பழைய காமிராக்கள் சிலவற்றில் எம், எக்ஸ் என்னும் இரு குறிகள் உண்டு. எம் என்பது ஒருமுறை எரிந்து தீரும் பழைய பல்புகளுக்கு உரியது. பல்பு ஒளிபெறும் வரை அது ஷட்டரைத் தாமதப்படுத்தும். மின்னணுப் பிளாஷுக்கு எக்ஸ் குறியே பொருந்தும். மறந்து எம்-இல் வைத்தால், விளக்கு கண்ணுக்கு மின்னியிருக்கும். பிலிமில் அதன் சுவடே இராது.

பிலிமைச் செலவிடுமுன் ஒரு சோதனை செய்க. பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறந்து, துவாரத்தை முழுதும் விரித்து, காமிராவையும் விளக்கையும் வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி, லென்ஸின் பின்புறமிருந்து பார்த்தவாறே ஷட்டரை இயக்குக. ஒளிவட்டம் முழுமையாகத் தெரிந்தால் இரண்டும் இசைந்து இயங்குகின்றன எனக் கொள்ளலாம். பிலிமும் அதனைக் கழுவும் கூலியும் ஏறிவிட்ட இந்நாளில், இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. மீண்டும் ஒன்றுகூட்ட இயலாத சுற்றத்தாரைப் படமெடுக்குமுன் இதனைச் செய்துவிடுவது நன்று.