பொய்யில் தொடங்கும் சிரிப்பு

சிரிப்புப் படத்தின் கதை பெரும்பாலும் ஒரு பொய்யில்தான் தொடங்குகிறது. யாரோ ஒருவர் தன்னை வேறொருவராகச் சொல்லிக்கொள்கிறார். அதைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று. முதல் அங்கத்தில் பொய் பிறக்கும், இரண்டாம் அங்கத்தில் வளர்ந்து சிக்கலாகும், மூன்றாம் அங்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் உடைபடும். திரைக்கதை கற்பிப்பவர்கள் மூன்று அங்க அமைப்பு என்று சொல்வது இதைத்தான். துணுக்குகள் எத்தனை இருந்தாலும் ரசிகரை இரண்டரை மணி நேரம் கட்டிப்போடுவது இந்தச் சிக்கலே.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விழுப்புரத்துக்காரர் நடித்த படம் ஒன்று. சிவாஜி கணேசனின் வி. சி. கணேசன் என்ற பெயரில் உள்ள ‘வி’ விழுப்புரம். அது அவர் 1928-இல் பிறந்த ஊர். உருக்கமான நடிப்புக்குப் பேர்போன அவர், 1958-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘சபாஷ் மீனா’வில் பொறுப்பற்ற பணக்கார மகன் மோகனாக வருகிறார். பையன் திருந்தட்டும் என்று சென்னையிலுள்ள நண்பர் அப்பாதுரை வீட்டுக்கு அனுப்புகிறார் தந்தை. மோகனோ தனக்குப் பதிலாக நண்பன் சேகரை அங்கே அனுப்பிவிடுகிறான். பொய் பிறந்துவிட்டது; முதல் அங்கம் முடிந்தது. இனி சேகருக்கு அந்த வீட்டுப் பெண் மீதே காதல் வருகிறது, மோகனுக்கு வேறொரு பெண் மீது. போதாதென்று சேகராக நடித்த சந்திரபாபுவே ரிக்‌ஷாக்காரராகவும் வர, ஒரே முகம் இரண்டு இடத்தில் நடமாடுகிறது. இந்த உருவ ஒற்றுமையைத் தவிர எந்தக் குழப்பமும் மேலிருந்து வந்து விழவில்லை. மற்றதெல்லாம் அந்த முதல் ஆள்மாறாட்டத்தின் விளைவு. நல்ல சிரிப்புக் கதைக்கு இதுவே அடையாளம்.

பொய்யை ரசிகரிடம் மறைக்கக் கூடாது என்பது அடுத்த விதி. திரையில் இருப்பவருக்குத் தெரியாதது கொட்டகையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றில் கடைசி இரண்டும் அறியாமையைச் சேர்ந்தவை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த விதி சினிமா சொல்லித்தந்த பாடமல்ல. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுதான். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை யார், எந்த ஊர் என்று கேட்டு வம்புக்கிழுப்பான். சேவகனாகவும் தூதனாகவும் கதைக்குள்ளே இருந்தபடியே சனங்கள் பக்கம் திரும்பி அன்றாடப் பேச்சில் விஷயத்தைப் போட்டு உடைப்பான். ராஜாவுக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு சிரிக்கும் பழக்கம் இந்த மண்ணில் கொட்டகைகளுக்கு முன்பே உண்டு.

இரண்டாம் அங்கம்தான் நீளமானது, கடினமானது. பல படங்கள் படுத்துவிடுவது இங்கேதான். நம் படங்களில் இடைவேளையும் இதன் நடுவில்தான் வருகிறது. டீ குடிக்கப் போனவர் திரும்பி வர வேண்டுமானால், இனி எப்படித் தப்பிப்பான் என்ற கேள்வியோடு அவரை எழுப்பி அனுப்ப வேண்டும். ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த டூரிங் டாக்கீஸ்களில் ரீல் மாற்றவும் படத்தை நிறுத்துவார்கள். மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட் ரசிகர் அப்போதும் கதையை விடாமல் பிடித்திருந்தார் என்றால் அது முடிச்சின் வலிமை.

கே. பாலசந்தர் இயக்கத்தில், விசுவின் வசனத்தில் 1981-இல் வந்த ‘தில்லு முல்லு’, ‘கோல் மால்’ என்ற இந்திப் படத்தின் தழுவல். இரண்டாம் அங்கத்தைக் கற்க அதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. மீசையை மதிக்கிற, விளையாட்டுப் பித்துள்ள இளைஞர்களை வெறுக்கிற முதலாளி தேங்காய் சீனிவாசன். வேலைக்காக அடக்க ஒடுக்கமான சந்திரனாக நடிக்கிறார் ரஜினிகாந்த். மைதானத்தில் முதலாளி கண்ணில் பட்டதும், அது மீசையில்லாத என் இரட்டைத் தம்பி இந்திரன் என்று அடித்துவிடுகிறார். அதற்காக மீசையை எடுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஒட்டு மீசையோடு போக வேண்டியதாகிறது. அந்தத் தம்பியையே தன் மகளுக்குப் பாட்டு வாத்தியாராக அழைக்கிறார் முதலாளி. மகளுக்கு இந்திரனைப் பிடிக்கிறது, அப்பாவுக்குச் சந்திரனைப் பிடிக்கிறது. ஒவ்வொரு தப்பித்தலும் அடுத்த பொறியாகிறது. ஒட்டு மீசை கழன்றுவிடுமோ என்ற ஒரே பயத்தில் காட்சிக்குக் காட்சி சிரிப்பு ஏறுகிறது.

மூன்றாம் அங்கத்தில் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் சேர்ப்பது வழக்கம். 1990-இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ நான்கு கமல்ஹாசன்களையும் மற்றவர்களையும் மலை விளிம்பில் ஆடும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. இங்கே வேகம் வேண்டும். புதிய பாத்திரமோ புதிய சிக்கலோ நுழையக் கூடாது.

கதையோடு ஒட்டாத சிரிப்பும் தமிழில் உண்டு. என். எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே எடுத்துச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி, செந்தில் வாழைப்பழச் சண்டையைக் கதை தெரியாதவரும் ரசிக்கலாம். அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘காதலிக்க நேரமில்லை’யில் நண்பனுக்கு அப்பாவாக வேடம் போட்டு வரும் முத்துராமன், தன் காதலி அதே வீட்டின் மூத்த மகள் என்று அறிந்து திகைப்பதை வெட்டித் தனியே காட்டினால் பாதிச் சிரிப்புகூட வராது. 1964-இல் ஸ்ரீதரும் கோபுவும் கட்டிய அந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கைபேசியில் பார்த்தவர்கள், ஒருமுறையாவது முதல் காட்சியிலிருந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.