பசியை மறவாத விழாவும் ஒரு தேயிலைமலைப் பயணமும்

"ஹஸரத், இங்கே மார்ச் மாதத்தில் பெரிய ஊர்வலம். ஊரே பச்சை உடுத்து வீதியில் நிற்கும். பிள்ளைகள் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் சிறுவயதில் என்னிடம் ஓதிய பெண். கணவரின் தொழில் காரணமாக இப்போது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் வாழ்கிறார். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது என்ன விழா என்று தேடிப் படித்த பிறகே பதில் சொன்னேன். சகோதரிகளே, படித்தவற்றில் நமக்கும் ஒரு பாடம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பச்சை ஊர்வலத்தின் கதை

மார்ச் 17 அயர்லாந்து மக்களின் விழா நாள். ஐந்தாம் நூற்றாண்டில் அங்கு கிறிஸ்தவ மதத்தைப் போதித்த பாட்ரிக் என்பவரின் நினைவு நாள் அது. 1903இல் அரச விடுமுறையானது. ஆனால் இந்த ஊர்வலம் வேர்விட்டு வளர்ந்தது பெரும்பாலும் கடல் கடந்த மண்ணில்தான். 1762இலேயே நியூயோர்க்கில் அயர்லாந்துக்காரர்கள் ஊர்வலம் போயிருக்கிறார்கள். பின்னாளில் அதைப் பெரிதாக்கியது பசி.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் விழுந்தது. ஏழைகளுக்குக் கிழங்கைத் தவிர வேறு உணவில்லை. சுமார் 80 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். இன்னும் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். அந்த வேளையிலும் அந்நாட்டின் தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன என்பதுதான் கொடுமை.

1847இல் துருக்கியின் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் அந்த மக்களுக்கு 1,000 பவுண் அனுப்பினார். அயர்லாந்துப் பிரமுகர்கள் எழுதிய நன்றிக் கடிதம் இன்றும் துருக்கியில் பாதுகாக்கப்படுகிறது. முஸ்லிமல்லாத மக்களின் பசிக்கு ஒரு முஸ்லிம் மன்னர் நீட்டிய கை அது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "மகள், அவர்களின் வணக்கத்தில் நமக்குப் பங்கில்லை. மது ஓடும் இடத்தில் நமக்கு வேலையுமில்லை. ஊர்வலத்தை ஓரமாக நின்று பார்ப்பது பற்றி அங்குள்ள நிலைமை தெரிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அந்நகரின் ஆற்றங்கரையில், பஞ்சத்தில் மெலிந்து கப்பலை நோக்கி நடக்கும் மனிதர்களின் வெண்கலச் சிலைகள் 1997 முதல் நிற்கின்றன. அங்கே பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லுங்கள்."

நம் வீட்டில் கேட்ட சொல்

தூரத்துப் பிள்ளைகளுக்கு உபதேசம் சொல்லி முடித்தேன். அதே வாரத்தில் என் இளைய மகன் தன்னோடு படிக்கும் ஒரு பையனைத் "தோட்டக்காட்டான்" என்று சொன்னதை என் மனைவி கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவரோ, "ஏசாதீங்க. கூட்டிப்போய்க் காட்டுங்க" என்றார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை, சுப்ஹு தொழுதுவிட்டு ஓப்பநாயக்கவிலிருந்து வேனில் புறப்பட்டோம். பயணம் என்றால் முதல்நாள் இரவு முழுவதும் உம்மாமார் அடுப்படியில் நிற்பதுதான் நம் வழக்கம். இம்முறை ரொட்டி, கட்டைச் சம்பல், பிளேன்டீ போதும் என்று முடிவு செய்தோம். அதனால் என் மனைவியும் தூங்கி எழுந்து, களைப்பில்லாமல் வந்தார். பலாங்கொடை கடந்து, பெலிஹுல்ஓயாவில் ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டு, ஹல்துமுல்லை வழியாக அப்புத்தளைக்கு ஏறினோம். அங்கிருந்து தம்பேதன்னைத் தோட்டம். அதற்கும் மேலே, சுமார் 6,400 அடி உயரத்தில் 'லிப்டன் சீட்'. பகல் ஏறினால் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலையிலேயே போய்விட வேண்டும்.

அங்கே தோமஸ் லிப்டனின் சிலை இருக்கிறது. அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில். ஆனால் பெற்றோர் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிப் போனவர்கள். சிறிய பலசரக்குக் கடை நடத்திய குடும்பம். மகன் பெரிய வணிகராகி 1890இல் இலங்கைக்கு வந்தார். 1869இல் இங்கு கோப்பிச் செடிகளில் விழுந்த இலைநோய் தோட்டங்களை அழித்திருந்தது. அவற்றை மலிவாக வாங்கித் தேயிலை வளர்த்தார். ஒரு பயிர்நோய் தாய் தகப்பனை ஊரைவிட்டு விரட்டியது; இன்னொரு பயிர்நோய் மகனைத் தோட்ட முதலாளியாக்கியது. அல்லாஹ்வின் ஏற்பாட்டை என்னவென்பது!

அவ்வளவு செல்வம் சேர்த்தும், தன் பந்தயப் படகுகளுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் 'ஷம்ரொக்'. அது அந்த மார்ச் விழாவில் அயர்லாந்து மக்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் மூவிலைச் செடி.

"அப்ப இந்தக் கொழுந்தையெல்லாம் பறிச்சது யாரு வாப்பா?" என்று கேட்டான் மகன்.

கீழே மலைச்சரிவில் பெண்கள் கூடை சுமந்து நின்றார்கள். அவர்களைக் காட்டிச் சொன்னேன். கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது இன்னும் திரளாக வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். வழியில் வாந்திபேதியால் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்தோருக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இறங்கும் வழியில் லயத்து வாசலில் ஒரு வயதான அம்மா என் மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்ததை அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்புத்தளைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினோம். கொஸ்லந்தைக்குப் பிரியும் சந்தியில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் வந்த மகன், "அவன்ட பாட்டனும் அப்படித்தான் நடந்து வந்திருப்பாரா?" என்று கேட்டான்.

"இருக்கலாம். நீயே அவனிடம் கேள்" என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன பேசினான் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தச் சொல் பிறகு எங்கள் வீட்டில் கேட்கவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவன் வயதில் நானும் சொன்ன சொல்தான் அது. என்னை யாரும் மலைக்குக் கூட்டிப் போகவில்லை.

சகோதரிகளுக்கு

பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. குறைஷிகளின் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் பேசும் சிறிய சூரா, அவர்களைப் பசியிலிருந்து காத்தவனை நினைவூட்டி முடிகிறது. நம் பிள்ளைகள் தினமும் ஓதுவதுதான் இது. அதன் பொருளை ஒரு பயணத்தில் காட்டிக் கொடுக்கலாமே.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வரும்போது, நீர்வீழ்ச்சியும் பூங்காவும் இருக்கட்டும். கூடவே, நாம் காலையில் குடிக்கும் தேநீரைப் பறித்த கைகளையும் பிள்ளைகள் பார்க்கட்டும். படம் பிடிப்பதற்கு முன் ஸலாமோ வணக்கமோ சொல்லி, பெயர் கேட்டுப் பேசப் பழக்குங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.