ஊர்ப்பெயர் நிலைக்குத்தாக, அளவுகள் புள்ளிகளாக

ஊர்ப்பெயர்கள் நீண்டிருப்பின், அவற்றைக் கிடையச்சில் எழுதுதல் படிப்போருக்கு இடர் தரும். பெயர்களை நிலைக்குத்து அச்சில் நிறுத்தி, அளவுகளைப் புள்ளிகளாற் காட்டும் முறையை அமெரிக்கப் புள்ளியியலறிஞர் வில்லியம் கிளீவ்லாந்து 1984-இல் விளக்கினார்.

எக்செல்லில் இதனை வரைய, முதலில் கிடைப்பட்டை வரைபடம் ஒன்றை அமைத்து, அதனுடன் சிதறல் வரைபடத் தொடரைச் சேர்த்தல் வேண்டும். ஊர்கள் ஐந்தாயின், புள்ளிகளின் உயரங்கள் கீழிருந்து மேலாக 0.5, 1.5, 2.5, 3.5, 4.5 ஆகும். துணை நிலைக்குத்து அச்சு 0-இல் தொடங்கி 5-இல் முடிதல் வேண்டும். இவ்வெல்லையை வரையறுக்காது விடின், ஓர் ஊரின் கிணற்று நீர்மட்டம் மற்றோர் ஊரின் பெயருக்கு நேராக விழக்கூடும். ஆழப்படுத்த வேண்டிய கிணறும் பிழையாகத் தேரப்படும்.

பின்னர்ப் பட்டைகளின் நிறத்தை நீக்குக. கோடை அளவுக்கு வட்டமும், மழைக்குப் பிந்திய அளவுக்கு முக்கோணமும் குறியாக இடலாம். தாமே வரைந்த உருவை நகலெடுத்துத் தொடரின்மேல் ஒட்டினும் அதுவே குறியாகும். நிறத்தால் மட்டும் வேறுபடுத்தின், கருப்பு வெள்ளைப் படியில் அவ்வேறுபாடு மறைந்துவிடும்.