பந்தய சைக்கிள் பிரேம்கள்: அபாயமும் உரிமையும் பரிகாரமும்

2021-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி பெல்ஜியம் தேசத்தில் லெ சாமின் என்னும் சாலைப் பந்தயம் நடைபெற்றபோது, உலகின் முதல்தர வீரர்களுள் ஒருவராகிய மத்தேயு வான் டெர் போயல் முன்னணியில் விரைந்துகொண்டிருந்த வேளையில், அவருடைய சைக்கிளின் ஹேண்டில்பார் ஒரு பக்கத்தில் முறிந்து தொங்கலாயிற்று. அவர் கீழே விழாமல் தப்பியது பல்லாண்டு அப்பியாசத்தின் பலன். முறிந்தது கார்பன் ஃபைபரால் ஆன பாகம். அந்தச் சைக்கிளைச் செய்த கேன்யன் என்னும் ஜெர்மானிய ஸ்தாபனம் சில தினங்களுக்குள்ளாகவே, அவ்வகைச் சைக்கிளை வாங்கியிருந்த பொதுமக்கள் அனைவரும் அதனை ஓட்டுவதை உடனே நிறுத்தும்படி எச்சரித்து, விற்பனையையும் நிறுத்திவைத்துப் பின்னர் மாற்றுப் பாகங்களை அளித்தது.

இந்தச் சம்பவத்தில் பந்தய வீரருக்கும் விலை கொடுத்து வாங்கிய சாமான்யருக்கும் உள்ள பேதம் தெளிவாகப் புலப்படுகிறது. வீரருக்குப் பின்னால் குழுவின் கார் மாற்றுச் சைக்கிள்களைச் சுமந்து வருகிறது. பந்தயம் முடிந்ததும் தேர்ந்த மெக்கானிக்குகள் ஒவ்வொரு திருகையும் ஆராய்கிறார்கள். ஐயத்துக்கிடமான பாகம் விலையைப் பற்றிய விசாரமின்றி மாற்றப்படுகிறது. அதே சைக்கிளைத் தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கிக் காலையில் தனியாக ஓட்டிச் செல்லும் இளைஞருக்கோ இந்தப் பாதுகாப்புகளுள் ஒன்றுகூட இல்லை. ஆகவே எந்தப் பொருள் இலேசானது என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பொருள் தன் சேதத்தை நமக்கு எவ்வாறு காட்டும் என்றும், காட்டாமல் முறிந்துவிட்டால் சட்டம் நமக்கு என்ன பரிகாரம் தரும் என்றும் கேட்டறிவதே விவேகம்.

நான்கு பொருள்கள்

பந்தய உலகம் நெடுங்காலம் எஃகையே நம்பி வாழ்ந்தது. 1935-இல் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் ஸ்தாபனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்னும் எஃகுக் குழாயை வெளியிட்டபின், அதுவும் இத்தாலியின் கொலம்பஸ் குழாய்களும் பல தலைமுறை வீரர்களைச் சுமந்தன. 1986-இல் அமெரிக்க வீரர் கிரெக் லெமோண்ட் கார்பன் பிரேமில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 1994-இல் ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துரைன் எஃகிலும், 1998-இல் இத்தாலியின் மார்கோ பந்தானி அலுமினியத்திலும் அதே பந்தயத்தை வென்றார்கள். அதற்குப் பின் கார்பனின் ஏகபோகமே நிலவிவருகிறது.

காரணம் எடைதான். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராமும், டைட்டானியம் 4.5 கிராமும், அலுமினியம் 2.7 கிராமும் நிறுக்க, கார்பன் ஃபைபரைப் பிசினில் பதித்துச் செய்த பொருள் 1.6 கிராமே நிறுக்கிறது. இந்த எடைக்குறைப்பு மோகம் எல்லை கடந்து போகாதிருக்கும்பொருட்டே, யூ.சி.ஐ. எனப்படும் சர்வதேச சைக்கிள் சங்கம், பந்தய சைக்கிள் 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்னும் விதியை 2000-ஆம் ஆண்டு முதல் அமல்படுத்திவருகிறது.

முறியும் விதம்

எஃகும் டைட்டானியமும் பொறுமை மிக்க உலோகங்கள். குறிப்பிட்ட ஓர் அளவுக்குட்பட்ட அழுத்தத்தை எத்தனை இலட்சம் முறை ஏற்றாலும் அவை களைப்படைவதில்லை. அளவு மீறினாலும் பெரும்பாலும் முதலில் வளைந்து, பின்னர் வெடிப்புக் கண்டு, ஓட்டுபவருக்குத் தக்க எச்சரிக்கை தந்த பிறகே முறிகின்றன. எஃகுக்குத் துரு ஒன்றே பிரதான சத்துரு. அது குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் வேலை செய்யும் என்பதால், மழையில் ஓடிய சைக்கிளின் சீட் போஸ்டைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி நீரை வடிப்பது நல்ல வழக்கம். டைட்டானியம் துருப்பிடிப்பதில்லை, ஆனால் அதனை வெல்டிங் செய்யும்போது ஆர்கான் வாயுவின் காவல் குறைந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆகவே அதில் உலோகத்தைக் காட்டிலும் செய்தவரின் கைத்திறமே முக்கியமாகிறது.

அலுமினியத்தின் சுபாவம் வேறு. இவ்வளவு அழுத்தம் வரை என்றும் களைப்படையாது என்று சொல்லத்தக்க வரம்பு அதற்கு இல்லை. சிறிய அதிர்வுகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போய், ஆயுள் முடிந்த ஒரு நாளில், பெரும்பாலும் வெல்டிங் இணைப்பின் ஓரத்தில், மயிரிழைபோன்ற வெடிப்பாக வெளிப்படும். 2006-ஆம் ஆண்டு கற்பாதைகளுக்குப் பெயர்பெற்ற பாரிஸ்–ரூபே பந்தயத்தில், அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பியின் சைக்கிளில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஹேண்டில்பாருடன் இணைக்கும் தண்டு ஓடும்போதே முறிந்து, அவர் கீழே விழுந்து தோளில் காயமுற்றார். பிரேம் எத்தனை உறுதியானதாயினும், கண்ணுக்கு மறைந்த அந்த ஒரு தண்டு முறிந்தால் ஓட்டுபவரின் கையில் திசைதிருப்பும் சக்தி அறவே இல்லாமற் போகிறது. வெடித்த அலுமினிய பிரேமை வெல்டிங் செய்து சரிப்படுத்துவதும் நம்பத்தக்கதன்று. வெப்பத்தால் இழந்த வலிமையை மீட்க மீண்டும் முறைப்படி வெப்பப் பதம் செய்தாக வேண்டும், அது சாதாரணப் பட்டறையில் இயலாத காரியம்.

கார்பனைப் பற்றியே அதிக ஐயமும் அதிக மாயையும் நிலவுகின்றன. அது இயல்பிலேயே பலவீனமான பொருள் அன்று. இழைகள் எத்திசையில் படுக்கவைக்கப்பட்டனவோ அத்திசையில் எஃகையும் விஞ்சும் வலிமை உடையது, களைப்பையும் நன்கு தாங்கவல்லது. ஆனால் வடிவமைத்தவர் எண்ணிப்பார்க்காத திசையிலிருந்து வரும் ஓர் அடி, உதாரணமாக நிறுத்திவைத்த சைக்கிள் சரிந்து கல்லின் முனையில் மோதுவது, மேற்பூச்சில் சிறு கீறலைமட்டும் காட்டிவிட்டு, உள்ளே அடுக்கையும் அடுக்கையும் பிரித்துவிடக்கூடும். பிரிந்த அடுக்குகள் வளைந்து காட்டுவதில்லை. ஒரு வேகமான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் கணத்தில் முன்னறிவிப்பின்றி அவை கைவிட்டுவிடலாம். திருகுகளை அளவு மீறி இறுக்குவதாலும் இதே சேதம் விளைகிறது. பாகத்தின்மேல் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் ஆலோசனை அன்று. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் கை உணர்வால் இறுக்குகிற மெக்கானிக்கிடம் கார்பன் பிரேமை ஒப்படைக்கலாகாது. மேலும் கார்பனும் அலுமினியமும் வியர்வை ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிப்போகும்.

பரிசோதனைக்கு வழி உண்டு. பானை வாங்குபவர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது போலவே, ஒரு நாணயத்தால் கார்பன் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கூர்மையாக ஒலிப்பது, அடுக்குப் பிரிந்த இடத்தில் மந்தமாகச் செத்து ஒலிக்கும். பெடல் அச்சு பொருந்தும் அடிப்பகுதி, முன் குழாய்கள் கூடும் சந்தி, சங்கிலிப் பக்கத்துப் பின்குழாய், சீட் போஸ்டை இறுக்கும் இடம் ஆகியவற்றைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தல் அவசியம். இது முதற்கட்டச் சோதனையே; பலமாக மோதிய பிரேமை அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு உட்படுத்தித் தேர்ந்தவர் சான்றளித்த பின்னரே ஓட்ட வேண்டும். கார்பனை முறைப்படி பழுதுபார்க்க இயலும். ஆனால் ஃபோர்க், ஹேண்டில்பார் ஆகிய உயிர்நிலைப் பாகங்களில் ஐயம் எழுந்தால் மாற்றிவிடுவதே தகும்.

முத்திரை எதற்குச் சாட்சி?

பிரேமில் ஒட்டப்பட்டுள்ள யூ.சி.ஐ. அங்கீகார முத்திரையைக் கண்டு, இது வலிமைக்கு அளிக்கப்பட்ட சான்று என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அம்முத்திரை, பிரேமின் வடிவமும் அளவுகளும் பந்தய விதிகளுக்கு இணங்கியவை என்பதற்கே சாட்சி. வலிமைக்குப் பொறுப்பு செய்தவருடையதே. பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் சர்வதேசத் தரத்தை. பிரேமும் ஃபோர்க்கும் மோதலையும் ஓயாத அழுத்தத்தையும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று அத்தரமே வரையறுக்கிறது. புகழ்பெற்ற பெயரைப் பொறித்துக் கால்வாசி விலைக்கு விற்கப்படும் போலி பிரேம்களில் இவ்விரண்டுமே ஓவியமாக இருக்கலாம். உள்ளே இழைகள் எவ்வாறு படுக்கவைக்கப்பட்டன என்பதை வெளியிலிருந்து யாரும் அறிய முடியாது. ஆகையால் பிரேமின் வரிசை எண்ணைச் செய்தவரிடமே நேரில் விசாரித்து உறுதி பெறுக.

சட்டம் தரும் உரிமை

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வாங்கிய பொருளுக்கு இரண்டாண்டுச் சட்டபூர்வமான உத்தரவாதம் உண்டு. முதல் ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்பட்டு, இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவரைச் சாரும். 2024 டிசம்பர் முதல் அமலில் உள்ள விதியின்படி, அபாயமான பொருளைத் திரும்ப அழைக்கும் ஸ்தாபனம், பழுதுபார்த்தல், மாற்றித் தருதல், பணம் தருதல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையேனும் வாங்கியவரின் விருப்பத்துக்கு விட வேண்டும்.

நம் நாடாகிய இந்தியாவில் இத்தகைய சைக்கிளை வாங்கியவர் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் துணைக்கொள்ளலாம். அது இருவேறு வழிகளைத் திறந்திருக்கிறது. பிரேமே குறையுடையது என்றால், குறையை நீக்கவோ, புதியது தரவோ, விலையைத் திருப்பவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். பிரேம் முறிந்து உடலுக்குக் காயமோ மனவேதனையோ நேர்ந்திருந்தால், ‘பொருள் பொறுப்பு’ என்னும் தனி அத்தியாயத்தின்கீழ் நஷ்டஈடு கோரலாம்; தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், சரியான உபயோகத்துக்குரிய எச்சரிக்கை இல்லாமற் போனாலும் செய்தவர் பொறுப்பாளியாவார். செய்தவர் அயல்நாட்டில் இருந்து அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க இயலாமலோ, இந்நாட்டுச் சட்டத்துக்கு அவர் கட்டுப்படாமலோ இருந்தால், இங்கே இறக்குமதி செய்து விற்றவரே பொறுப்பேற்க நேரும் என்பது, வெளிநாட்டுப் பிரேம் வாங்குவோர் மனத்தில் பதிக்க வேண்டிய விதி. அயல்நாட்டு இணையக் கடையிலிருந்து நேராக வரவழைத்தவருக்கு இப்படிக் கைகாட்ட இங்கே ஒருவரும் இல்லை. விலையில் சிறிது மிச்சப்பட்டதற்காகப் பரிகாரம் முழுவதையும் இழப்பது இலாபமாகாது.

ஆயினும் பொருளைத் தவறாக உபயோகித்ததாலோ மாற்றியமைத்ததாலோ தீங்கு நேர்ந்தது என்று விற்றவர் வாதிடச் சட்டம் இடமளிக்கிறது. ‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்று அச்சிடப்படுவதும் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே உரியது. மோதலால் நேர்ந்த சேதத்தை அது ஏற்பதில்லை. பழைய பிரேமை இரண்டாம் கையாக வாங்குவோர் இதனை உணர்ந்தே விலை பேச வேண்டும். பந்தயமே ஜீவனமாகக் கொண்ட வீரர், தம் சொந்த உழைப்பால் பிழைப்பதற்காகவே சைக்கிளை வாங்கினார் என்றால், வர்த்தக நோக்கம் என்று கூறி அவரை நுகர்வோர் அல்லர் எனத் தள்ளிவிட இயலாது.

செய்ய வேண்டுவன

வாங்கும்போதே முறையான பில், வரிசை எண், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எழுத்துமூலமான வாரண்டி ஆகியவற்றைப் பெற்றுப் பத்திரப்படுத்துக. ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது கேட்டுப் பெறுக. விதித்த அளவிலேயே திருகுகள் இறுக்கப்பட்டன என்பதற்கு அந்த ரசீதே பின்னாளில் சாட்சி. செய்தவரின் இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொள்வதும் அவசியம். 2023 செப்டம்பரில் ஷிமானோ ஸ்தாபனம், இரு துண்டுகளாகச் செய்து ஒட்டப்பட்ட, பெடலைத் தாங்கும் தன் க்ராங்குகள் பிரிந்துபோகும் அபாயத்தை அறிவித்து, அமெரிக்காவில்மட்டும் சுமார் 6,80,000 க்ராங்குகளைப் பரிசோதனைக்கு அழைத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்களையும் அந்த அழைப்பு எட்ட வேண்டியிருந்தது.

முறிவு நேர்ந்துவிட்டாலோ, முதலில் உடலைக் கவனித்து மருத்துவச் சான்று பெற்றுக்கொள்க. முறிந்த துண்டுகளைத் துடைக்காமலும் ஒட்டாமலும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்துத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ‘அனுப்பிவையுங்கள், பார்க்கிறோம்’ என்ற வாய்மொழியை நம்பிச் சாட்சியத்தையே கைவிட்டுவிட்டு நிற்பவர் பலர். அனுப்பியே ஆக வேண்டுமானால் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று அனுப்புக. விற்றவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் பயனில்லையேல், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. முறிந்த பிரேமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை பெறவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குறை ஒருவரோடு நில்லாமல் பலரைத் தாக்குவதாயின், அபாயமான பொருளைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடும் அதிகாரம் பெற்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தெரிவிப்பது பொதுக்கடமை.

எனவே, மழையிலும் கரடுமுரடான சாலையிலும் தினந்தோறும் ஓட்டி, அருகில் தேர்ந்த மெக்கானிக் இல்லாதவருக்கு நல்ல எஃகோ டைட்டானியமோ உசிதம். குறைந்த செலவில் பந்தயத்தில் காலெடுத்து வைப்பவருக்கு, குறித்த காலத்தில் மாற்றிவிடும் எண்ணத்துடன் வாங்கும் அலுமினியம் போதும். கார்பனை விரும்புகிறவர், அதன் விலையோடு டார்க் ரெஞ்சின் விலையையும், ஒவ்வொரு விழுகைக்குப் பின்னும் செய்ய வேண்டிய சோதனையின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தக் கணக்குக்குக் கை தாங்காதவர், பந்தய வீரர் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அதே பிரேமை வாங்க வேண்டியதில்லை.