தண்டுவடத்துக்குப் பின் – 9
உட்கார்ந்து செய்யும் அறுவை

எந்த எலும்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டால் உடம்பில் எது செயலிழக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் சிறுநீர்ப்பையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளைப் புரட்டியபோது வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1954இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர். வயது முப்பதைத் தொடவில்லை. சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்திலும் பலத்த காயம். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. மாதக்கணக்கில் படுக்கை. அறுவை அரங்கில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய வேண்டிய ஒருவருக்கு இனி என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கேதான் டாக்டர் பால் பிராண்ட் வருகிறார். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கி இறுகிப்போன விரல்களுக்கு, உடம்பில் நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து இடம் மாற்றிப் பொருத்தி, மறுபடி நீட்டி மடக்க வைத்தவர். அவருடைய பிரிவில் மேரிக்கு இடம் கிடைத்தது. காரணம், எனக்கு இந்த வாரம் முழுக்க மகிழ்ச்சி தந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண உண்மை: கை அறுவையை டாக்டர்கள் உட்கார்ந்துதான் செய்கிறார்கள்! நோயாளியின் கையைப் பக்கத்தில் ஒரு மேசை மேல் நீட்டி வைத்து, டாக்டர் தன் முழங்கையை அதில் ஊன்றிக்கொள்வார். நுணுக்கமான வேலையில் விரல் நடுங்காமல் இருக்க அந்த ஊன்றல் வேண்டும். நடக்கக்கூடிய டாக்டரும் உட்காரும் இடம் அது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அங்கே யாருக்கும் குறைந்தவரில்லை. மேரி நாற்காலியில் இருந்தபடியே கத்தியை எடுத்தார்.

அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “மனசைத் தைரியமா வெச்சுக்கோப்பா, எல்லாம் சரியாயிடும்” என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் தைரியம் முதலில் வரும், வேலை பிறகு வரும் என்ற வரிசை தலைகீழானது என்றே நினைக்கிறேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறத் தெரிந்த பிறகு, தன் சட்டையைத் தானே மாட்டிக்கொண்ட பிறகு, நாலு பேருக்குத் தேவைப்படும் ஒரு வேலை கைக்கு வந்த பிறகுதான் மனம் நிமிர்கிறது. மேரிக்கு முதலில் கிடைத்தது ஆறுதல் வார்த்தையல்ல, அறுவைப் பட்டியலில் ஓரிடம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதைப் பிராண்ட் விடாமல் எடுத்துச் சொன்னார். உணர்வு செத்துவிடுவதால், சூடோ முள்ளோ பட்டது தெரியாமல் காயமாகி, அந்தக் காயம் கவனிக்கப்படாமல் போவதுதான் காரணம். வேலூரில் சில நோயாளிகளுக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. காவலிருந்து பார்த்ததில், எலி! தூக்கத்தில் எலி கடித்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மேரி அறுவை செய்த கைகளும் அவருடைய கால்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நிலைமை. வலிதான் நம்மைப் புரண்டு படுக்க வைக்கிறது. வலி போய்விட்டால் எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது அடிமுதுகில், புட்டத்தில், குதிகாலில், ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப் புண்ணாகிறது. அந்தப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களைச் சில மாதங்களிலேயே கொன்றன. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944இல் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் போட வைத்தார். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் அவரே. அந்தக் கதைக்குத் தனி வாரம் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு இந்தக் காவல் வேலை அடிபட்டவருடையது. நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கையை ஊன்றி எழும்ப வேண்டும், அல்லது முன்னால் நன்றாகச் சாய்ந்து புட்டத்தின் மேல் உள்ள பாரத்தை இறக்க வேண்டும். காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடி பிடித்துப் பின்புறத் தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தம் போன பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால், அது மறையும்வரை அந்தப் பக்கம் பாரம் கூடாது. நம் வீடுகளுக்கு நான் சேர்த்துச் சொல்வது: காபி டம்ளரையோ சூடான பாத்திரத்தையோ மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளாதீர்கள். வெயிலில் காய்ந்த சிமென்ட் திண்ணையில் உட்காராதீர்கள். குளிக்கும் வெந்நீரை உணர்வுள்ள கையால் தொட்டுப் பார்க்காமல் காலில் ஊற்றாதீர்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறவர்கள் சைலன்சர் பக்கம் கால் சரிகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்பவர் நோயாளியல்ல, தன் உடம்பை நிர்வகிப்பவர். அந்த நிர்வாகம் கைவந்தவர்களின் பேச்சிலேயே ஒரு உறுதி வந்துவிடுகிறது.

மேரி அறுவையோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். உடையும் குளியலும் போக்குவரத்தும் தன்னால் முடியும் என்று ஆன பிறகு, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில், தங்கியிருந்து பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்தவரும் சாரத்திலிருந்து விழுந்தவரும் அங்கே வந்து சேரும்போது, “இனி உங்களால் இதெல்லாம் முடியும்” என்று சொல்ல எதிரே ஒரு டாக்டர் நாற்காலியில் இருந்தார். நடமாடும் டாக்டர் சொன்னால் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு எடை வந்திருக்காது.

சிறுநீர்ப்பைக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அதிலேயே தொடங்குகிறேன். நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை தானே குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது எப்படி, நெஞ்சு மட்டத்துக்கு மேல் அடிபட்டவருக்குச் சிறுநீர் தேங்கினால் ரத்த அழுத்தம் ஏன் திடீரென எகிறுகிறது என்று பார்ப்போம். கடற்படைத் தேர்வில் 1975இல் கழுத்தில் அடிபட்டு, 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)