மும்மொழிப் பகிடி

கொட்டாஞ்சேனையில் வாழ்பவனுக்கு மும்மொழிகளைக் கற்பிக்க ஆசான் வேண்டியதில்லை, தெருவே கற்பித்துவிடும். புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணியோசையும் ஒரே காற்றில் கலக்கும் இப்பகுதியில், மீன் விலையைச் சிங்களத்திற் கேட்டு, தமிழிற் பேரம் பேசி, ஆங்கிலத்தில் நன்றி கூறிச் செல்வோர் அநேகர். ஆயினும், ஒரு பகிடியை மூன்று மொழிகளிலும் சொல்வது எத்துணை அரிய காரியம் என்பதை, தமிழாசிரியனாக முப்பது ஆண்டுகள் கழித்த பின்னரே நான் அறிந்தேன்.

கணனி பயிலும் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் ஒரு மாலை தாளொன்றுடன் வந்தான்.

“மாஸ்டர், இதிலை இருபது வசனம் இருக்கு. தமிழாக்கித் தருவீங்களோ? சிங்களத்துக்கு என்ரை கூட்டாளி செய்து தாறான்.”

“என்ன தம்பி, சோதனைக்கோ?”

“இல்லை மாஸ்டர், பகிடிக்கு.”

அவன் எழுதியிருந்த நிரல் ஒரு குறும்புக்கார நிரல். கோப்புகளெல்லாம் அழிக்கப்படுவதாகத் திரையில் அறிவிக்கும். ‘நிறுத்து’ என்னும் பொத்தானை நெருங்கினால் அது விலகியோடும். எழுத்துக்கள் ஒவ்வொன்றாய் உதிரும். முடிவில், எல்லாம் வேடிக்கை என்று சொல்லிச் சிரிக்கும். உண்மையில் ஒரு கோப்பும் அழிவதில்லை.

இத்தகைய குறும்பு புதியதன்று. 1982இல் ரிச் ஸ்க்ரென்ரா என்னும் பதினைந்து வயது அமெரிக்க மாணவன் எழுதிய ‘எல்க் குளோனர்’, ஆப்பிள் கணனிகளிற் பரவி, ஐம்பதாவது முறை இயக்கும்போது ஒரு சிறு கவிதையைக் காட்டிற்று. 1987 அளவில் தோன்றிய ‘காஸ்கேட்’ என்னும் நச்சுநிரல், திரையிலுள்ள எழுத்துக்களை அருவிபோற் கீழே கொட்டிற்று. நம் இளைஞனின் நிரல் எங்கும் பரவாது. இயக்கிய இடத்திலேயே நிற்கும்.

ஆங்கிலத்தில் அவன் வாசகங்களைத் துண்டு துண்டாக வைத்து ஒட்டியிருந்தான். பெயர் ஒரு துண்டு, எண் ஒரு துண்டு, வினை ஒரு துண்டு. தமிழில் அந்த ஒட்டு நிற்கவில்லை. ‘கல்யாணம்’ என்னும் கோப்புறைப் பெயருடன் ‘இலிருந்து’ என்பதை நிரல் ஒட்டியபோது ‘கல்யாணம்இலிருந்து’ என வந்தது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறவேண்டுமென்று கணனிக்கு யார் சொல்வது? முழு வாக்கியத்தையும் தமிழ் ஒழுங்கில் எழுதி, “‘கல்யாணம்’ என்னும் கோப்புறையிலிருந்து” என இடம் விடுவதே வழி என்று கண்டோம். எந்தப் பெயர் வந்தாலும் இலக்கணம் பிழையாது.

அடுத்து எழுத்துக்கள் உதிரும் காட்சி. ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999இற் சிங்களமும் சேர்ந்தது. ஆனால் அம்முறையிற் ‘கொழும்பு’ எட்டுக் குறிகளாகவே சேமிக்கப்படும். ஆகவே ககரம் தனியே விழ, அதன் உயிர்க்குறி ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாய்ப் பின்னே விழுந்தது! “உயிர்மெய்யைப் பிரிக்காதே தம்பி” என்றேன். ஓர் எழுத்தையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒன்றாகவே வீழ்த்தும்படி அவன் நிரலைத் திருத்தினான். சிங்களத்துக்கும் அத்திருத்தமே பெரிதும் உதவிற்று.

கடைசியில் மரியாதைச் சிக்கல். ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ஒரே சொல். தமிழில் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ? “வெருட்டுறவனுக்கு என்ன மரியாதை, மாஸ்டர்?” என்றான் அவன். முகமறியாதவரை ‘நீ’ என்பது நம் வழக்கமன்று என்று சொல்லி, “தங்கள் கோப்புகள் யாவும் அழிக்கப்படுகின்றன” என எழுதுவித்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமையுமிருந்தது.

அயலிலுள்ள ஓர் அச்சகத்தில் அதனைப் பரீட்சித்தான். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து தொழில் செய்யும் முதியவர் ஒருவர் அங்கே கணனியில் திருமண அழைப்பிதழ்களை ஒழுங்குசெய்கிறார். ஆங்கில எச்சரிக்கை எது வந்தாலும் படிக்காமலே தட்டிவிடுவது அவர் பழக்கம். ஆங்கிலப் பகிடியையும் அவ்வாறே தட்டிவிட்டிருப்பார். தமிழில் வந்ததை அவர் படித்தார், நம்பினார். ஓடும் பொத்தானை இரண்டு முறை துரத்தினார். பிறகு நடுங்கும் கையால் மின்செருகியைப் பிடுங்கிவிட்டார்.

நிரல் எதையும் அழிக்கவில்லை. ஆனால் சேமிக்காமல் இருந்த அரைநாள் வேலை அந்தக் கணத்தில் அழிந்தது.

இளைஞன் ஓடிவந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தமிழை எழுதியவன் நானல்லவா? அந்நிய மொழியிற் கேட்கும் மிரட்டல் காதோடு நிற்கும். தாய்மொழியிற் கேட்பது நெஞ்சுக்குள் இறங்கும். மொழிபெயர்த்தவன் சொல்லை மட்டும் கொண்டுசெல்வதில்லை; சொல்லுக்குரிய நம்பிக்கையையும் கொண்டுசெல்கிறான். அதை நான் மறந்திருந்தேன்.

அன்றிரவு மூவரும் அச்சகத்தில் இருந்தோம். நான் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்க, இளைஞன் தட்டச்சுச் செய்ய, பெரியவர் ஒழுங்குபடுத்தினார். விடியுமுன் வேலை முடிந்தது. கணனிக்கு உரியவரின் சம்மதமின்றி நிரல் இயங்காது. இயங்கினாலும் பத்து வினாடியில் உண்மையைச் சொல்லிவிடும் என்று அவன் அங்கிருந்தே அதனைத் திருத்தினான்.

புறப்படும் வேளையில் பெரியவர் என்னைத் தனியே அழைத்தார்.

“ஐயா, பயத்திலையும் கண்ணிலை பட்டது. ‘அழிக்கப்படுகின்றன’ எண்டதிலை ஒரு ‘ப்’ விட்டுப் போச்சு.”

பிழை பார்த்துக் கொடுத்தவன் நானே. அதன் பின்னர்தான் அவர் சிரித்தார்.