வெயிலும் கடைத்தெருவும்

சித்திரை மாதம்; பிற்பகல் இரண்டு மணி. காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலை அடுத்த கடைத்தெருவில் சற்று நடந்து பாருங்கள். வாங்க வருவோர் குறைந்திருப்பார்கள். ஆனால் தரையில் கூடை வைத்துக் கீரை விற்கும் மூதாட்டியும், மூட்டை சுமக்கும் தொழிலாளியும் வெயிலில்தான் இருப்பார்கள். வசதி உள்ளவர் காரில் வந்து காரில் போய்விடலாம்; மற்றவர்கள் என்ன செய்வது? நகரின் நடுப்பகுதி எல்லோருக்கும் உரியது என்றால், முதலில் அங்கே நிற்கவும் நடக்கவும் முடிய வேண்டும். இதில் இயற்பியலுக்கும் பங்கு உண்டு.

வானிலை அறிக்கை கூறுவது நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. நம் உடல் உணர்வது அதை மட்டுமன்று. தெளிந்த நண்பகலில் சூரியக் கதிர்கள் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகின்றன. தார்ச்சாலை அதில் பெரும்பகுதியை உட்கவர்ந்து 60 பாகை செல்சியஸ் வரைகூடச் சூடேறி, தானும் வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. ஸ்டெபான் விதிப்படி, இக்கதிர்வீசல் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும். 60 பாகை என்பது 333 கெல்வின். நிழலில் உள்ள தரை 35 பாகை, அதாவது 308 கெல்வின் என்று கொள்வோம். கணக்கிட்டுப் பாருங்கள்: வெயில் காய்ந்த சாலை, நிழல் தரையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வெப்பத்தை வீசும். காற்று அதே காற்றுதான். ஆனாலும் நிழலுக்குள் இரண்டு எட்டு வைத்ததும் "அப்பாடா" என்கிறோம்!

இந்த உண்மையை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தனர். செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவர்களும், முற்றமும், தெருவைப் பார்த்த திண்ணையும் இதற்குச் சான்று. செட்டிநாட்டு வணிகர்கள் கிட்டங்கிகள் வைத்துத் தொழில் நடத்திய சிங்கப்பூரிலும் இதைக் காணலாம். அந்நகருக்கு 1822-இல் திட்டம் வகுத்தபோது, கடை வீடுகளின் முன்புறம் கூரையுள்ள தொடர் நடைபாதை விட வேண்டும் என ராபிள்ஸ் பணித்தார். 'ஐந்தடிப் பாதை' எனப்படும் அது வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக அமைந்தது. மரம் நட இடமில்லாத நம் குறுகிய தெருக்களுக்கும் இம்முறை பொருந்தும்.

இடம் உள்ள தெருக்களில் வேம்பும் புங்கமும் நடலாம். மரம் நிழல் தருவதோடு, இலைகள் வழியே நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. இது 1000 வாட் அடுப்பு 40 நிமிடம் எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமம்! இந்த வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

நிழல் இருந்தும் ஏற முடியாத நடைபாதையால் பயன் என்ன? சாய்தளத்தின் பயனை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள நடைபாதைக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் அமைத்தால் சரிவு 12-க்கு 1 ஆகும். உராய்வை நீக்கிப் பார்த்தால், சக்கர நாற்காலியை ஏற்ற அதன் மொத்த எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு விசையே போதும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், மூட்டுவலி உள்ள முதியவருக்கும் அதே சரிவு உதவும்.

இவை நடவாத காரியங்கள் அல்ல. சென்னை பாண்டி பஜாரில் அகலமான நடைபாதைகள் அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டன. காரைக்குடியும் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது.

மாணவர்களே, ஒரு சோதனை செய்யுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கடைத்தெரு வரை பிற்பகலில் நடந்து, எத்தனை நிமிடம் நிழலில் நடந்தீர்கள், எத்தனை நிமிடம் வெயிலில் நடந்தீர்கள், சக்கர நாற்காலி ஏறமுடியாத படிகள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். குடையும் குடிநீரும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். அந்தத் தாளை உங்கள் வட்டத்தின் மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். கீரைக்காரப் பாட்டிக்கு நிழல் எங்கே வேண்டும் என்பதை அது காட்டும்.